ஷெல்பி கோப்ரா: அசலா, நகலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1962 முதல் 1967 வரை செய்யப்பட்ட அசல் கோப்ரா கார்கள் ஏறத்தாழ ஆயிரம்தான். அதே உருவத்தில் பின்னால் வந்த நகல்கள் பல்லாயிரம். உலகில் இந்தக் கார் அளவுக்கு நகலெடுக்கப்பட்ட பந்தயக் கார் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். அதனால் அசலை அடையாளம் காணும் கலையைக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கோப்ராவில் பழகிய கண் ஃபெராரி, ஜாகுவார் பக்கம் போனாலும் உதவும்.

கோப்ரா உண்மையில் யாருடைய தயாரிப்பு?

இரண்டு நாட்டுத் தயாரிப்பு. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் தேம்ஸ் டிட்டன் என்ற ஊரில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனம் 1953 முதல் 'ஏஸ்' என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரைச் செய்துவந்தது. அதன் சேஸிஸ், ஜான் டோஜேரோ வடிவமைத்த பந்தயக் காரிலிருந்து வந்தது. ஏஸுக்குப் பொருத்திவந்த பிரிஸ்டல் 2 லிட்டர் இன்ஜினின் தயாரிப்பு 1961-இல் நின்றுபோனது. 1959-இல் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அமெரிக்க ஓட்டுநர் கரோல் ஷெல்பி அந்த நேரம் பார்த்து ஏ.சி.க்குக் கடிதம் எழுதி, ஃபோர்டின் புதிய வி8 இன்ஜினையும் இந்தச் சேஸிஸையும் சேர்த்துவைத்தார். முதல் காருக்கு 1962-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் இன்ஜின் ஏற்றினார்கள்.

பெயின்ட், சீட் எல்லாம் முடிந்த கார், இன்ஜினும் கியர்பாக்ஸும் இல்லாமல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறும். மிச்ச வேலை அமெரிக்காவில் நடக்கும். ஆகவே ஓர் அசல் காருக்கு இரண்டு இடங்களில் எழுத்துத் தடம் இருக்க வேண்டும். ஒன்று ஏ.சி. தொழிற்சாலைப் பதிவு, மற்றொன்று ஷெல்பி நிறுவனத்தின் இன்வாய்ஸ். நகல் காருக்கு இந்த இரட்டைத் தடத்தை உருவாக்குவது மிகக் கடினம்.

சேஸிஸ் எண்ணை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவுக்குப் போனவை சி.எஸ்.எக்ஸ். என்று தொடங்கும். பின்னால் நான்கு இலக்கம். 2000 முதல் 2602 வரை லீஃப் ஸ்பிரிங் கார்கள். 3000 வரிசை, 1965-இல் வந்த காயில் ஸ்பிரிங் 427 கார்கள் (427 என்பது இன்ஜின் அளவு, கன அங்குலத்தில்). ஏ.சி.யே ஐரோப்பாவில் விற்றவை சி.ஓ.பி. (பிரிட்டன்), சி.ஓ.எக்ஸ். (ஏற்றுமதி) என்று தொடங்கும்.

லீஃப் ஸ்பிரிங் வரிசைக்குள்ளும் மாற்றங்கள் உண்டு. முதல் 75 கார்களில் 260 கன அங்குல இன்ஜின், அதாவது 4.2 லிட்டர். அதற்குப் பின் 289 கன அங்குலம், 4.7 லிட்டர். ஏறத்தாழ 125-ஆவது கார் வரை பழைய வோர்ம் வகை ஸ்டீயரிங்; அதன்பின் ரேக் அண்ட் பினியன். டாஷ்போர்டிலும் முதலில் ஸ்மித்ஸ் மீட்டர்கள், பிறகு ஸ்டூவர்ட்-வார்னர். எண் 2050 என்று சொல்லும் காரில் ரேக் ஸ்டீயரிங் இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். ஆனால் எப்போது, யார் மாற்றினார்கள் என்பதற்கு விற்பவரிடம் பதில் இருக்க வேண்டும்.

ஷெல்பி நிறுவனமே பின்னாளில் செய்த கார்கள் அசல் ஆகாதா?

அவை 'தொடர்ச்சிக் கார்கள்'. சி.எஸ்.எக்ஸ். 4000, 7000, 8000 போன்ற வரிசைகளில் 1990-களிலிருந்து வருகின்றன. ஷெல்பி பெயரில் வந்த உண்மையான பொருள்தான். ஆனால் 1960-களின் கார் அல்ல. சி.எஸ்.எக்ஸ். எண்ணின் முதல் இலக்கம் 4 அல்லது அதற்கு மேல் என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது.

குழப்பம் 3000 வரிசையில். 1990-களின் தொடக்கத்தில், அந்த வரிசையில் பயன்படாமல் விடுபட்டிருந்த எண்களுக்கு ஷெல்பி பதிவு வாங்கினார். பழைய சேஸிஸ் எஞ்சியிருந்தது என்று முதலில் சொல்லப்பட்டது. அவை புதிதாகச் செய்தவை என்பது 1993-இல் பத்திரிகைகளில் வெளியானது. ஆகவே எண் 3 என்று தொடங்குவதே போதாது. அந்த எண்ணில் 1960-களில் ஒரு கார் முடிக்கப்பட்டு விற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் ஒவ்வொரு எண்ணுக்கும் பதிவேடு வைத்திருக்கிறது. முதல் தொலைபேசி அழைப்பு அங்கே போகட்டும்.

1980-களில் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் ஆட்டோகிராஃப்ட் நிறுவனம் செய்த ஏ.சி. மார்க் 4 என்ற காரும் உண்டு. அலுமினியப் பாடி, ஏ.சி. பெயர், நல்ல வேலைப்பாடு எல்லாம் இருக்கும். அதற்கென்று தனி மதிப்பு இருக்கிறது, ஆனால் அது 1960-களின் கோப்ரா அல்ல.

காரைப் பார்க்கப் போகும் முன் என்ன கேட்க வேண்டும்?

சேஸிஸ் எண், பதிவுப் புத்தகத்தின் படம், 1960-களிலிருந்து இன்றுவரையான உரிமையாளர் வரிசை. இந்த மூன்றையும் தரத் தயங்குபவரிடம் பயணச் செலவு செய்து போக வேண்டியதில்லை.

பதிவுப் புத்தகத்தில் '1965 கோப்ரா' என்று இருப்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்கள், கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி வீட்டில் பூட்டிய காரை அது எந்த ஆண்டுக் காரைப் போல இருக்கிறதோ அந்த ஆண்டிலேயே பதிவு செய்ய விடுகின்றன. எண் 17 எழுத்து இலக்கங்கள் கொண்டதாக இருந்தால் இன்னும் தெளிவு: அந்த முறை அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டில்தான் கட்டாயமானது. அசல் கோப்ராவுக்குச் சிறிய எண்தான்.

உரிமையாளர் வரிசையில் பத்து, இருபது ஆண்டு இடைவெளி இருந்தால் அங்கே நின்று தோண்ட வேண்டும். 1970-களில் கோப்ரா வெறும் பழைய கார். விபத்தில் சிக்கியவற்றைப் பிரித்து இன்ஜினை ஒருவர், சேஸிஸை ஒருவர் என்று வாங்கிப் போன காலம் அது. ஒரே எண்ணில் பின்னர் இரண்டு கார்கள் முளைப்பதற்கு இந்த இடைவெளிகளே காரணம்.

கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

காந்தம், நல்ல டார்ச், கைப்பிடி வைத்த கண்ணாடி, வெர்னியர் காலிப்பர், டேப், ஒரு மீட்டர் நூல், அலுமினியத்திலும் வேலை செய்யும் பெயின்ட் தடிமன் மீட்டர், குழாய்க்குள் நுழையும் சிறு கேமரா. காரை லிஃப்ட்டில் ஏற்ற உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அடியில் பார்க்காமல் கோப்ராவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பாடி ஃபைபரா, அலுமினியமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அலுமினியம் என்று பலர் தவறாக முடிவு செய்கிறார்கள். ஃபைபரிலும்தான் காந்தம் ஒட்டாது. மட்கார்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஃபைபரில் பாய் பின்னியதுபோல் கண்ணாடி இழைகள் தெரியும், அல்லது அதை மறைக்கத் தடிமனாகக் கறுப்புப் பூச்சு அடித்திருப்பார்கள். அலுமினியத்தில் டிங்கரிங் தட்டிய தடங்களும், தகடுகளைச் சேர்த்த வெல்டிங் கோடுகளும் தெரியும். அசல் கோப்ராவின் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். மெல்லிய இரும்புக் குழாய்க் கூட்டின்மேல் போர்த்தி, விளிம்புகளை மடித்துச் சுற்றியிருப்பார்கள். அதனால் நடுவில் ஒட்டாத காந்தம், உள்ளே குழாய் ஓடும் விளிம்புகளில் லேசாக இழுக்கும்.

அசல் பாடி கையால் அடித்தது. முன் மூக்கின் மையத்திலிருந்து இரண்டு ஹெட்லைட்டுகளுக்கும், சக்கர வளைவின் உச்சிக்கும் டேப் வைத்து அளந்தால் இடதும் வலதும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்துப்போனால் எச்சரிக்கையாகுங்கள். பெயின்ட் மீட்டர் ஓரிடத்தில் திடீரென்று மில்லிமீட்டர் கணக்கில் எகிறினால் அங்கே பட்டி போட்டிருக்கிறது. பட்டி போலிக்கு அடையாளமல்ல. பந்தயம் ஓடிய காரில் பட்டி இல்லாவிட்டால்தான் கேள்வி.

நகல்களிலும் அலுமினியப் பாடி வருகிறதே?

ஆம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கிர்க்கம் நிறுவனத்தின் கார்கள் போலந்தில் அலுமினியத்தில் செய்யப்படுகின்றன. மிகத் தரமானவை, வெளியிலிருந்து பார்த்து அசலிலிருந்து பிரிப்பது கடினம். அப்போது சேஸிஸ்தான் பேச வேண்டும்.

அசல் சேஸிஸின் முதுகெலும்பு, முன்னிருந்து பின் வரை ஓடும் இரண்டு உருண்டைக் குழாய்கள். 260, 289 கார்களில் வெளி விட்டம் 3 அங்குலம் (76.2 மி.மீ.), 427-இல் 4 அங்குலம் (101.6 மி.மீ.). காலிப்பர் நுழையாத இடத்தில் நூலைச் சுற்றி அளக்கலாம்: முதலாவதில் சுற்றளவு 239 மி.மீ., இரண்டாவதில் 319 மி.மீ. வரும். பெயின்ட்டுக்கும் அடிப்பூச்சுக்கும் சில மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுரக் குழாய் என்றால் நகல். இரு சக்கர அச்சுகளுக்கு இடைத்தூரம் 90 அங்குலம், அதாவது 2286 மி.மீ.

அடுத்து சஸ்பென்ஷன். 289-இல் முன்னும் பின்னும் குறுக்காக ஒரு லீஃப் ஸ்பிரிங் மேலே கிடக்கும். அதுவே சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் கையும் ஆகும். கீழே ஒரு விஷ்போன், அதாவது கவட்டை வடிவக் கை. இதை மறுபடி செய்வது சிரமம் என்பதால் பெரும்பாலான '289' நகல்களில் மேலே ஒல்லியான மட்கார்டு, அடியில் காயில் ஸ்பிரிங். ஒரு விதிவிலக்கை மறக்கக் கூடாது: ஏ.சி.யே 427-இன் காயில் ஸ்பிரிங் சேஸிஸில் 289 இன்ஜின் வைத்து 27 கார்கள் செய்தது. அவை சி.ஓ.பி. அல்லது சி.ஓ.எக்ஸ். 6100 வரிசை.

பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இரும்பு ஆக்சில் இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். மஸ்டாங் காரின் பாகங்களை வைத்துப் பூட்டிய கிட் அது. அசல் கோப்ரா அத்தனையிலும் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும். நடுவில் சேஸிஸோடு சேர்த்துப் பூட்டிய சாலிஸ்பரி டிஃபரென்ஷியல் இருக்கும்.

வெல்டிங்கையும் பாருங்கள். அடுக்கிவைத்த காசுகள்போல் சீராக ஓடும் டிக் வெல்டிங் பிற்காலத்து வேலை. அசல் மூட்டுகள் கரடுமுரடாகவே இருக்கும். ஏ.சி. பாடியில் காட்டிய நேர்த்தியைச் சேஸிஸ் வெல்டிங்கில் காட்டவில்லை. சேஸிஸில் மெட்ரிக் போல்ட்டுகள் வந்தாலும் அங்கே பிற்காலக் கை பட்டிருக்கிறது.

எண்ணை அழித்துப் புதிதாகப் பஞ்ச் செய்திருந்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். எண் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை. ரிவெட் அடித்த தகடு ஒன்று, சேஸிஸ் இரும்பிலேயே பஞ்ச் செய்தது ஒன்று, பானட், கதவு, டிக்கி ஆகியவற்றின் கீல், பூட்டு போன்ற சிறு பாகங்களில் கடைசி இலக்கங்கள். மோசடி செய்பவர் தகட்டையும் சேஸிஸையும் கவனிப்பார். கீலைக் கழற்றிப் பார்க்க மறப்பார். ஆகவே நீங்கள் கழற்றச் சொல்லுங்கள்.

தகட்டை நம்பவே வேண்டாம். புதிய தகடும் பழைய தோற்றமும் விலைக்குக் கிடைக்கின்றன. சேஸிஸ் பஞ்சில் ஒவ்வோர் இலக்கமும் தனி உளியால் சுத்தியலடித்துப் பதித்தது; ஆழமும் சாய்வும் இலக்கத்துக்கு இலக்கம் மாறும். 3, 4, 7 ஆகியவற்றின் வடிவத்தை, அடுத்தடுத்த எண்ணுள்ள நிரூபிக்கப்பட்ட கார்களின் படங்களோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி இரும்பு சற்றே பள்ளமாக, அல்லது கிரைண்டர் ஓடிய கீறலோடு இருந்தால் தடயவியல் ஆய்வு தேவை. பஞ்ச் அடிக்கும்போது கீழேயுள்ள உலோகமும் நசுங்கி இறுகும். மேல்தோலை அரைத்து எடுத்தாலும் அந்த இறுக்கம் சிறிது ஆழம் வரை நிற்கும். தகுந்த அமிலம் தடவினால் பழைய எண் மங்கலாக எழும். இதை நிபுணர் மட்டுமே, உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு செய்ய வேண்டும். ஒரு முறைதான் வாய்ப்பு, தவறினால் தடயம் போய்விடும்.

இன்ஜின் அசலா என்று எப்படிப் பார்ப்பது?

ஃபோர்டு வார்ப்பு எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும், 'சி' என்றால் 1960-கள். அடுத்த இலக்கம் ஆண்டு. ஆக 'சி4' என்பது 1964-இல் வரைந்த பாகம். இதைத் தவிர வார்த்த தேதியும் இருக்கும்: '4எஃப்18' என்றால் 1964, ஜூன் 18. 'ஏ' ஜனவரியில் தொடங்கி வரும் மாத எழுத்துகளில் 'ஐ' கிடையாது; 'எச்' ஆகஸ்ட், 'ஜே' செப்டம்பர். வார்த்த தேதி காரின் இன்வாய்ஸுக்குச் சில வாரமோ சில மாதமோ முன்னதாக இருந்தால் பொருத்தம். இன்வாய்ஸுக்குப் பின் வந்தால் அந்த இன்ஜின் அந்தக் காருடன் பிறந்ததல்ல. லூகாஸ் மின்பாகங்களிலும் மாதமும் ஆண்டும் பதிந்திருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தயக் காருக்கு இன்ஜின் மாறுவது சாதாரணம். ஒரு சீசனிலேயே பல இன்ஜின் போகும். ஆகவே இன்ஜின் பொருந்தாதது பந்தயக் காரைப் பெரிதாகக் கெடுக்காது. ஊருக்குள் ஓட்டச் செய்த காரில் விலை குறையும்.

427 என்று விற்கிறார்கள். உள்ளே 428 இருக்கலாமாமே?

இருக்கலாம், தொழிற்சாலையிலிருந்தே. ஊருக்குள் ஓட்டச் செய்த காயில் ஸ்பிரிங் கார்கள் பலவற்றில் விலை குறைந்த 428-ஐத்தான் ஏற்றினார்கள். அது போலியல்ல. 428-ஓடு பிறந்த காரை 427 என்று விற்பதுதான் தவறு.

427 பிளாக்கின் இரு பக்கமும், ஆயில் பானுக்குச் சற்று மேலே, மும்மூன்று குறுக்குப் போல்ட்டுகள் தெரியும். மெயின் பேரிங் மூடிகளைப் பக்கவாட்டில் பிடிப்பவை அவை. 428-இல் இல்லை. ஆனால் இன்று புதிதாக வார்க்கும் பிளாக்குகளிலும் அந்தப் போல்ட் வருகிறது. அதனால் வார்ப்புத் தேதியையும் சேர்த்தே பாருங்கள்.

ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை, அளப்பது எளிய சோதனை. பேட்டரியைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒரு துளையில் வளையக்கூடிய பிளாஸ்டிக் குச்சியை விட்டு, கிராங்கை ஸ்பேனரால் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சியிலும் அடியிலும் குச்சியில் குறியிட்டு இடைவெளியைப் பாருங்கள். 427-இன் ஸ்ட்ரோக் 96 மி.மீ., 428-இன் ஸ்ட்ரோக் 101 மி.மீ. பிளக் துளை சாய்வாக இருப்பதால் அளவு சற்றுப் பிசகும். இரண்டு சிலிண்டர்களில் மும்முறை பார்த்துச் சராசரி எடுங்கள். இரும்புக் கம்பி விடாதீர்கள், பிஸ்டனைக் கீறும்.

சேஸிஸ் அசல்தான். ஆனால் பந்தயக் கார் என்பது உண்மையா?

இன்றைய ஏமாற்றில் பெரும்பகுதி இங்கேதான். ஊருக்குள் ஓட்டச் செய்த காரின் எண்ணும் உலோகமும் அசலாகவே இருக்கும், வரலாறு மட்டும் ஒட்டவைத்தது.

427 பந்தயக் கார்களுக்கு எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) அனுமதி வேண்டுமானால் 1965-இல் நூறு கார்கள் காட்ட வேண்டியிருந்தது. ஐம்பதை ஒட்டித்தான் முடிந்திருந்தது, அனுமதி கிடைக்கவில்லை. விற்காமல் நின்ற முப்பது அளவிலான பந்தயக் கார்களைச் சாலையில் ஓட்டும்படி சற்று மாற்றி 'எஸ்/சி' என்று விற்றார்கள். இன்று நகல்களெல்லாம் அந்த எஸ்/சி வேடத்தில்தான் வருகின்றன. பக்கவாட்டு சைலன்சரும் ரோல் பாரும் பானட்டில் காற்றுக்கூண்டும் வைக்க ஒரு நல்ல பட்டறைக்கு அதிக நாள் ஆகாது. அதனால் எஸ்/சி என்பதற்கு ஆதாரம் அந்தப் பாகங்கள் அல்ல, பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதே. 289 எஃப்.ஐ.ஏ. ரோட்ஸ்டர்களுக்கும் (கூரையில்லாப் பந்தயக் கார்கள்) இதே நியாயம். அகலச் சக்கரத்துக்காகப் பின் மட்கார்டைப் பெருக்கியதால் அவற்றின் கதவு பின்விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கும். இதையும் பிற்காலத்தில் செய்துவிட முடியும்.

பந்தய வரலாற்றைச் சோதிக்க அன்றைய புகைப்படம் வேண்டும். ரிவெட் வரிசை, துளைகளின் இடம், மூக்கின் கோணல், ஒட்டுப்போட்ட தகடு ஆகியவற்றைப் படத்திலும் காரிலும் ஒப்பிடுங்கள். பந்தய எண்ணை நம்பாதீர்கள். ஒரே கார் வாரத்துக்கு வாரம் வேறு எண்ணில் ஓடியிருக்கும்.

டேடோனா கூப்பே விலைக்கு வருகிறது என்றால்?

கோப்ரா சேஸிஸில் மூடிய கூரையோடு பந்தயத்துக்காகச் செய்த, பீட்டர் பிராக் வடிவமைத்த அந்தக் கூப்பே மொத்தம் 6 மட்டுமே. எண்கள் சி.எஸ்.எக்ஸ். 2286, 2287, 2299, 2300, 2601, 2602. முதலில் செய்த 2287 கலிஃபோர்னியாவில் முடிந்தது, மற்றவற்றின் பாடி இத்தாலியின் மொடெனாவில். 1964-இல் 2299 ல மானில் ஜி.டி. பிரிவை வென்றது, 1965-இல் இந்தக் கார்கள் ஃபெராரியிடமிருந்து ஜி.டி. சாம்பியன் பட்டத்தைப் பறித்தன. 2287 ஃபிலடெல்ஃபியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழாவது என்று ஒன்று வந்தால் அது நகல்.

உடைந்த சேஸிஸை மாற்றிய கார் அசல்தானா?

சட்டம் இதை ஒருமுறை நேராகவே எதிர்கொண்டது. 1929, 1930 இரண்டு ஆண்டும் ல மானை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லியை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அதில் பழைய உலோகம் ஏறத்தாழ இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990-இல் இங்கிலாந்து நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பாகங்கள் படிப்படியாகவே மாறின, அடையாளம் எந்தக் கட்டத்திலும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு காரும் இல்லை என்பது அதன் காரணம்.

கோப்ராவுக்கும் இதையே அளவுகோலாக வைப்பது சரி. 1966-இல் பந்தயத்தில் நொறுங்கி, அதே ஆண்டு புதுச் சேஸிஸ் போட்டு, அதே உரிமையாளரிடம் தொடர்ந்து ஓடிய காரின் அடையாளம் நிற்கிறது. 1970-இல் நசுங்கிக் குப்பைக்குப் போன காரின் தகட்டை மட்டும் வைத்துப் பிற்காலத்தில் கட்டியெழுப்பியது அந்தக் கார் அல்ல.

எஃப்.ஐ.ஏ. வரலாற்றுக் கார் பாஸ்போர்ட் அசலுக்குச் சான்றா?

இல்லை. அந்தக் கார் அக்காலத் தொழில்நுட்ப விவரத்துக்கு ஒத்திருக்கிறது, வரலாற்றுப் பந்தயங்களில் ஓடலாம் என்பதே அதன் பொருள். சரியாகச் செய்த நகலுக்கும் அது கிடைக்கும்.

வாங்கிய பின் பெயின்டை முழுவதும் உரித்துப் புதிதாக்கலாமா?

அவசரப்படாதீர்கள். அலுமினியம் இரும்புக் கூட்டைத் தொடும் இடங்களில் ஈரம் பட்டால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். பெயின்ட் கொப்புளித்து, அடியில் வெள்ளைத் தூள் வரும். கதவின் அடிவிளிம்பும் மட்கார்டின் ஓரமும் முதலில் போகும். குழாய்க்குள் துருவைச் சிறு கேமராவால் பார்க்கலாம். இவற்றைச் சரிசெய்ய வேண்டும்தான். ஆனால் மணல் அடித்துச் சுத்தம் செய்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும், பஞ்ச் எண் மழுங்கிவிடும், பழைய பெயின்ட் அடுக்குகளும் போய்விடும். அந்த அடுக்குகள் காரின் சாட்சிகள். முதல் காரான சி.எஸ்.எக்ஸ். 2000-ஐப் பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு நிறம் பூசிக் காட்டினார் ஷெல்பி, நிறையக் கார்கள் இருப்பதாகத் தோன்ற வேண்டுமென்று. அதே கார் 2016-இல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. எந்த வேலைக்கு முன்பும் ஒவ்வோர் எண்ணையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். வெட்டியெடுத்த பழைய தகட்டையும் குழாயையும் எறியாமல் காரோடு வையுங்கள்.

ஒரே எண்ணை இரண்டு கார்கள் சொந்தம் கொண்டாடினால்?

தீரும்வரை இரண்டையும் வாங்காதீர்கள். கிளப் பதிவேட்டில் இரண்டு கோரிக்கையும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் காரில் அதிக அளவு அசல் சேஸிஸ் இரும்பு இருக்கிறது, எதன் உரிமை விற்பனைச் சீட்டுகளோடு அறுபடாமல் வருகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். இரும்பு ஒருவரிடமும் காகிதம் இன்னொருவரிடமும் இருந்தால், இரு உரிமையாளரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கார் மட்டும் எண்ணை வைத்துக்கொள்வதாகவும், மற்றது எண்ணைத் துறப்பதாகவும் ஒப்பந்தம் எழுதிப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அந்தத் தாள் கைக்கு வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.